தலைப்புண்ணின் ஆழம்: முற்றிய தலைத்தோல் புற்றுநோயில் ஸ்கேன்கள் எதற்கு?

உச்சந்தலையில் ஆறாத புண் ஒன்று. மேலே பொருக்குத் தட்டியிருக்கிறது. சீப்பு பட்டால் ரத்தம் கசிகிறது. மாதக்கணக்கில் களிம்பு தடவியும் பலனில்லை. கடைசியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்ததில் தோல் புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது மருத்துவர் சி.டி. ஸ்கேன் எழுதித் தருகிறார், எம்.ஆர்.ஐ.யும் எழுதித் தருகிறார், சிலருக்குப் பெட் ஸ்கேனும் சேர்கிறது. "புண்தான் கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே, அதற்கு எதற்கு இத்தனை படம்?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லப் பெரும்பாலும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தோல் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. தோல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் இரு வகைகளான அடித்தள செல் புற்றுநோயும் செதிள் செல் புற்றுநோயும் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் அறுத்தெடுப்பதோடு முடிந்துவிடும். அளவில் பெரிதாகிவிட்டவை, எலும்போடு ஒட்டிக்கொண்டவை, ஒருமுறை அகற்றிய பிறகும் அதே இடத்தில் திரும்பி வந்தவை, கழுத்தில் நெறி கட்டச் செய்தவை, நெற்றியையோ முகத்தையோ மரத்துப்போகச் செய்தவை ஆகியவற்றுக்குத்தான் படம் இன்றியமையாததாகிறது. வேறு இரு வகைத் தோல் புற்றுநோய்களான தடிமனான மெலனோமாவும் மெர்க்கெல் செல் புற்றுநோயும் சீக்கிரமே பரவக்கூடியவை என்பதால் அவற்றுக்கு இன்னும் முன்னதாகவே ஸ்கேன் பார்ப்பார்கள்.

தோலுக்குக் கீழே

தலைத்தோல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஐந்து அடுக்கு. மேலே முடி முளைக்கும் தோல். அதன் கீழே ரத்தக் குழாய்கள் நிறைந்த கெட்டியான நார்த்திசு. தலையில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் கொட்டுவது இந்த அடுக்கிலிருந்துதான். மூன்றாவது, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் உறுதியான நார்த்தகடு. மருத்துவர்கள் இதைக் கேலியா என்பார்கள். நான்காவது இளகிய திசு. ஐந்தாவது எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. விரல் நுனிகளை உச்சந்தலையில் அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தோல் மண்டையோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். முதல் மூன்று அடுக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து அந்த நான்காவது அடுக்கின் மேல் சறுக்குகின்றன.

மருத்துவரின் கையும் முதலில் இதைத்தான் செய்கிறது. கட்டியை இரண்டு விரல்களால் பிடித்து அசைத்துப் பார்ப்பார். தோலோடு சேர்ந்து நகர்ந்தால் பெரும்பாலும் அது இன்னும் எலும்பைத் தொடவில்லை. ஆணி அடித்ததுபோல் நகராமல் நின்றால் எலும்புறையையோ எலும்பையோ பற்றிவிட்டது என்ற சந்தேகம் எழும். எந்த இயந்திரமும் இல்லாமல் கிடைக்கும் இந்தத் தகவலுக்கு நல்ல மருத்துவர்கள் மிகுந்த மதிப்புக் கொடுப்பார்கள். ஆனால் ஒட்டியிருக்கிறது என்பதுவரைதான் விரல் சொல்லும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

அந்த ஐந்து அடுக்குக்கும் அடியில் இருப்பது மண்டையோடு. இரண்டு கெட்டித் தகடுகள், அவற்றுக்கு நடுவே பஞ்சு போன்ற மஜ்ஜை. உள்தகட்டை ஒட்டியபடி மூளையின் தடித்த வெளியுறையான டியூரா. உச்சியின் நடுக்கோட்டில், டியூராவுக்குள்ளேயே, மூளையின் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டு பின்னோக்கிப் போகும் ஒரு பெருஞ்சிரை ஓடுகிறது. வெளியே தலைத்தோலுக்கும் உள்ளே இந்தப் பெருஞ்சிரை போன்றவற்றுக்கும் இடையே, எலும்பைத் துளைத்துக்கொண்டு செல்லும் சிறு சிரைகளும் உண்டு.

கேலியாவும் எலும்புறையும் கட்டிக்குக் கொஞ்ச காலம் அணைபோல் நிற்கும். நேராகக் கீழே இறங்க முடியாதபோது கட்டி பக்கவாட்டில், அந்த இளகிய அடுக்கின் வழியே படரும். அதனால் மேலே இரண்டு விரல் அகலப் புண்ணாகத் தெரிவது உள்ளே அதைவிட அகலமாக விரிந்திருக்கலாம். நம் கண்ணை முழுவதும் நம்ப முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

எலும்புக்கு சி.டி.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டது, எடுத்தது தலையைத்தான். அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், அதற்கான கணித அடிப்படையைத் தனியே வகுத்த ஆலன் கார்மக்குடன் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எக்ஸ்ரே கதிர்களைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, உடலின் ஒவ்வொரு சிறு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடுவதுதான் இதன் வேலை. அந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கெட்டியான எலும்பு 1000ஐ நெருங்கும், அதைத் தாண்டவும் செய்யும். எலும்புக்கும் மற்றவற்றுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் மண்டையோட்டைப் பார்க்க சி.டி.க்கு நிகரில்லை.

அந்தப் படம் எப்படி வாசிக்கப்படுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். ரேடியாலஜி மருத்துவர் எலும்புக்கான வெளிச்ச அளவை வைத்துக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய படலங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக்கொண்டே போகிறார். மண்டையோட்டின் வெளித்தகடு பேனாவால் இழுத்த வெள்ளைக்கோடுபோல் சீராக ஓடுகிறது. கட்டிக்கு நேர் கீழே வரும்போது அந்தக் கோடு மங்குகிறது, பிறகு ஓரிடத்தில் கரையான் அரித்த மரச்சட்டம்போல் ஆகிவிடுகிறது. அரிப்பு வெளித்தகட்டோடு நிற்கிறதா, நடுப்பஞ்சுக்குள் இறங்கிவிட்டதா, உள்தகடும் போய்விட்டதா என்று அவர் தேடுகிறார். உச்சந்தலையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பந்தின் உச்சியைக் கத்தியால் கிடைமட்டமாகச் சீவினால் ஓரம் சாய்வாகத்தானே வெட்டுப்படும்? அதுபோல் கிடைமட்டப் படலங்களில் உச்சி எலும்பு மங்கலாகத் தெரியும்; சிறிய அரிப்பு கண்ணில் படாமல் போய்விடும். அதனால் அதே தகவலை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் அடுக்கிப் பார்த்தே தீர வேண்டும்.

மென்திசுவுக்கு எம்.ஆர்.ஐ.

எலும்பு கரைந்த பிறகுதான் சி.டி.க்குச் சந்தேகம் வரும். புற்றுநோய் செல்கள் எலும்பின் சட்டத்தைப் பெரிதாக அரிக்காமல் மஜ்ஜைக்குள் மெல்ல ஊறியிருந்தால் அது தடுமாறும். அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டும். வளர்ந்தவர்களின் மண்டையோட்டு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைப் பட்டையில் ஓரிடம் மட்டும் கறுத்திருந்தால் கொழுப்பு இருந்த இடத்தை வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு காடோலினியம் கலந்த மருந்தை நரம்பூசியில் ஏற்றி, கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மறுபடி படமெடுப்பார்கள். இப்போது கட்டி ஒளிரும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. காந்தப்புலமும் ரேடியோ அலைகளும்தான்.

டியூராவைப் பற்றிய கேள்விதான் மிகக் கடினமானது, விளைவுகளும் அதில்தான் அதிகம். கட்டிக்கு அடியில் டியூரா தடித்து ஒளிர்ந்தால் உடனே 'பரவிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் சுவரும் சுடுவதுபோல், புற்றுநோய் தொடாமலேயே அழற்சியால் டியூரா தடிக்கலாம். நூல்போல் மெல்லியதாக, சீராக ஒளிர்வது பெரும்பாலும் இந்த வகை எதிர்வினையாக இருக்கும். முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தாலோ, அதற்கு உட்புறம் மூளையில் நீர்கோத்திருந்தாலோ சந்தேகம் வலுக்கும். அறிக்கையில் 'இருக்கலாம்', 'மறுக்க இயலாது' என்ற சொற்களைப் பார்த்துக் குடும்பத்தினர் எரிச்சலடைவார்கள். அந்தத் தயக்கம் நேர்மையானது. படத்தால் அதற்கு மேல் சொல்ல முடியாத இடம் அது.

கட்டி நடுக்கோட்டுக்கு அருகே இருந்தால் முன்பு சொன்ன பெருஞ்சிரைக்கென்று தனியாகப் படமெடுப்பார்கள். அது திறந்திருக்கிறதா, கட்டியால் அழுந்தியிருக்கிறதா, முழுதாக அடைபட்டுவிட்டதா என்று தெரியாமல் அங்கே கத்தி வைப்பது ஆபத்து.

நரம்பு வழியாகவும் இந்த நோய் ஊர்ந்து போகும். செதிள் செல் புற்றுநோயில் இது அதிகம். நெற்றியிலிருந்து உச்சிவரை உணர்வு தரும் நரம்பு, புருவத்துக்கு மேலே ஒரு சிறு எலும்புப் பள்ளத்தின் வழியாகக் கண்குழிக்குள் போய், அங்கிருந்து மண்டையோட்டின் அடித்தளத்துக்குச் செல்கிறது. கட்டி அந்த நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டால் புண்ணிலிருந்து வெகு தூரம் தள்ளிப்போய்த் தலைகாட்டும். நெற்றியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது, சுருக் சுருக்கென்று குத்துகிறது என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பவர்கள் கண்குழிவரை, மண்டையோட்டு அடித்தளம்வரை நீட்டிப் படமெடுக்க வேண்டுமா என்பதை உங்கள் அந்த ஒரு வாக்கியம் தீர்மானிக்கலாம்.

கழுத்தும் உடலும்

தலையின் உச்சியில் நிணநீர்க்கணுக்கள் (வீங்கினால் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அவை) இல்லை. அங்கிருந்து வடியும் நிணநீர், தலையைச் சுற்றி மாலைபோல் அமைந்த கணுக்களை நோக்கிப் போகிறது. முன்பாதியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருவது காதுக்கு முன்னால், கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இருக்கும் கணுக்களுக்கு. பின்பாதியிலிருந்து வருவது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இருப்பவற்றுக்கு. அங்கிருந்து கழுத்துக்கு. உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே நிணநீர்க்கணு இருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். தலைப்புண்ணுக்கு ஏன் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், கழுத்தை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான்.

கணுக்களைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் எளிய, நல்ல கருவி. ஆரோக்கியமான கணு நீள்வட்டமாக, நடுவில் கொழுப்பின் வெளிச்சத்தோடு தெரியும். உருண்டு திரண்டு, அந்த நடு வெளிச்சம் மறைந்துவிட்டால் சந்தேகம். திரையைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி செல்களை எடுத்துவிடலாம். கணு பெரிதாகாத நிலையிலும் மெலனோமா, மெர்க்கெல் செல் வகைகளில் காவல் கணு என்ற முறை உதவுகிறது. புண்ணைச் சுற்றி டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தைச் சிறிதளவு ஊசிபோட்டு, அது முதலில் போய்ச் சேரும் கணுவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்தக் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும்.

பெட் ஸ்கேன் உடல் முழுவதையும் ஒரே மூச்சில் தேடுவது. வேகமாக வளரும் புற்றுநோய் செல்கள் சர்க்கரையை வெறியோடு உறிஞ்சும். ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய சர்க்கரையை ஏற்றிவிட்டு, அது எங்கெல்லாம் குவிகிறது என்று பார்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும், நீரிழிவு உள்ளவர்களிடம் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்வதும் இதனால்தான். நுரையீரல், கல்லீரல், தூரத்து எலும்புகள் என்று எங்கே பரவியிருந்தாலும் இது காட்டிக்கொடுக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தலையில் இதற்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. மூளையே சர்க்கரையைத் தின்றுதான் வாழ்கிறது. பெட் படத்தில் அது விளக்குபோல் எரியும். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு சிறு பரவல் இருந்தால் தெரியாமல் போகும். ஆகவே 'பெட் எடுத்தாயிற்றே, மறுபடி எதற்கு எம்.ஆர்.ஐ.?' என்ற கேள்விக்கு, மூளையையும் டியூராவையும் பெட் சரியாகப் பார்க்காது என்பதுதான் பதில். சீழ் பிடித்த புண்ணும், அண்மையில் சதை எடுத்த இடமும்கூட அதில் ஒளிரும் என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்வார்கள்.

படம் எதை மாற்றுகிறது

முதலில் நோயின் படிநிலையை. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் 8ஆம் பதிப்பு வகைப்பாட்டில், தலை, கழுத்துப் பகுதியின் செதிள் செல் புற்றுநோய் எலும்பை லேசாக அரித்திருந்தால் டி3 (டி என்பது மூலக்கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கான குறி). எலும்பின் கெட்டித் தகட்டையோ மஜ்ஜையையோ வெளிப்படையாகப் பிடித்துவிட்டால் டி4. மேலே புண் ஒன்றேதான். உள்ளே சில மில்லிமீட்டர் வித்தியாசம்.

அடுத்து அறுவை சிகிச்சையை. இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. தோலை அறுக்கும்போது ஓரத்திசுவை அங்கேயே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்று அரை மணி நேரம்போல் காத்திருந்து தெரிந்துகொள்ளலாம். எலும்பில் அது நடக்காது. எலும்பை மெல்லிய சீவல்களாக வெட்ட முதலில் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது அந்த விடைக்காகக் காத்திருக்க முடியாது. எனவே எலும்பில் எங்கே வெட்டுவது என்பதைப் பெருமளவு ஸ்கேனை வைத்துத்தான் முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். எலும்புறையோடு நின்றிருந்தால் வெளித்தகட்டை மட்டும் இழைத்து எடுத்தால் போதும். மஜ்ஜைக்குள் போயிருந்தால் முழுத் தடிமனிலும் ஒரு துண்டு எலும்பை எடுக்க வேண்டும். அப்போது நரம்பியல் அறுவை நிபுணரும் சேர்ந்துகொள்வார். டியூராவும் பிடிபட்டிருந்தால் அதையும் வெட்டி மாற்று உறை தைப்பார்கள். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் இடையே ஒரு நோயாளியின் அடுத்த சில மாதங்களே மாறிவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை, இவ்வளவு ஸ்கேன் எதற்கு என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை.

வெட்டியெடுத்த இடத்தை மூடவும் படம் வேண்டும். முதுகுத் தசை போன்ற ஒரு பெரிய திசுவை அதன் ரத்தக் குழாயோடு எடுத்துத் தலையில் பொருத்தும்போது, அங்கே எந்தக் குழாயோடு இணைப்பது என்பதை ரத்தக் குழாய்ப் படம் காட்டும். நீக்கிய எலும்புக்கு மாற்றாக வைக்கும் டைட்டேனியத் தகட்டையும் சி.டி. அளவுகளைக் கொண்டு அந்தத் தலைக்கென்றே வடிவமைக்க முடியும்.

கதிர்வீச்சு சிகிச்சையிலும் இப்படித்தான். தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சுமூடி செய்து, அதோடு சி.டி. எடுத்து, எம்.ஆர்.ஐ. படத்தை அதன் மேல் பொருத்தி, எங்கே கதிர் விழ வேண்டும் என்று படலம் படலமாகக் கோடு வரைகிறார்கள். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலுக்கு முழு அளவு கிடைக்க வேண்டும், அதற்குச் சற்றுக் கீழே உள்ள மூளைக்கு முடிந்தவரை குறைய வேண்டும்.

அறுக்க முடியாத நிலையில் மருந்து. அடித்தள செல் வகைக்கு விஸ்மோடெகிப் 2012இலும், செதிள் செல் வகைக்கு நோயெதிர்ப்பு மருந்தான செமிப்லிமாப் 2018இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முன் கைவிரித்த நிலையில் இருந்த பலருக்கு இவை புதிய வழியைத் திறந்தன. மருந்து வேலை செய்கிறதா என்பதைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்கும் ஸ்கேன்களே அளக்கின்றன. பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, அளந்த கட்டிகளின் குறுக்களவுக் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் பலன். மிகக் குறைவாக இருந்த அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடினால் நோய் முன்னேறுகிறது. நோயெதிர்ப்பு மருந்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. சண்டைக்கு வந்த எதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் திரளுவதால் சிலருக்கு முதலில் வீங்கிப் பிறகு சுருங்கும். நோயாளியின் உடல்நிலை நன்றாக இருந்தால், முதல் படத்தைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாமல் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி கரைந்த பிறகும் எலும்பில் விழுந்த பள்ளம் உடனே மூடாது; அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று கலங்க வேண்டாம்.

படத்துக்குத் தெரியாதவை

செல்கள் நுண்ணிய அளவில் ஊடுருவியிருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. இது எந்த வகைப் புற்றுநோய் என்பதையும் படம் உறுதியாகச் சொல்லாது. அதற்குத் திசுப் பரிசோதனைதான். மறுபக்கம், மண்டையோட்டில் இயல்பாகவே இருக்கும் சிரைப் பள்ளங்களும் தீங்கில்லாத ரத்தக்குழாய்க் கட்டிகளும் நோய்போல் தோன்றிப் பயமுறுத்துவது உண்டு. சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, இதயத்துடிப்புக் கருவி, உடலில் இருக்கும் உலோகம், கர்ப்பம் ஆகிய எதுவாக இருந்தாலும் ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு சில மாதங்களில் ஒரு படம் எடுத்து வைப்பார்கள். நோயைத் தேடுவதைவிட, மாறிப்போன இந்தத் தலையின் புதிய இயல்பைப் பதிவு செய்வதே அதன் முக்கிய வேலை. ஒட்டவைத்த தசை முதலில் வீங்கியிருக்கும், ஒளிரும், பிறகு மெலியும். தையல் ஓரம் தடித்திருக்கும். ஆறு மாதம் கழித்து அதே ஓரத்தில் ஒரு சிறு மேடு தென்பட்டால், அது தழும்பா திரும்பி வந்த நோயா என்பதற்கு விடை பழைய படத்தில் இருக்கும். அன்றும் அதே அளவில் இருந்ததென்றால் நிம்மதி. புதிதாக முளைத்ததென்றால் ஊசிப் பரிசோதனை. ஆகவே ஒவ்வொரு முறையும் அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி, ஒரே உறையில் வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அந்த உறை முழுவதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.